20 டிகிரி அறைக்குச் செய்த பெட்டி, பாலக்காட்டு வெயிலில்: ‘ஹோம் ப்ரூ கிட்’ மதிப்புரை

வீட்டில் பியர் காய்ச்சும் பெட்டி என்று இணையத்தில் விற்கிற சாமான் இப்போது கோவைக்கும் பாலக்காட்டுக்கும் கூரியரில் வந்து இறங்குகிறது. விலை நாலாயிரத்தை ஒட்டி. பிரித்தால் உள்ளே இவ்வளவும் இருக்கும்: மூடி போட்ட 25 லிட்டர் வாளி, அதன் அடிப்பக்கத்தில் பொருத்த ஒரு குழாய், மூடியில் செருகும் ஏர்லாக் (உள்வாயுவைத் தண்ணீர் வழியே வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு), கரைசலின் இனிப்பை அளக்கும் ஹைட்ரோமீட்டர், அதை மிதக்கவிட ஒரு நெட்டைக் குடுவை, வாளியில் ஒட்டும் வெப்பமானிப் பட்டை, கம்பி மூடி வைத்த 6 கண்ணாடி பாட்டில், ஒரு பொட்டலம் ஈஸ்ட், கழுவும் பொடி, ஹாப் என்ற கசப்புப் பூ சேர்த்த மால்ட் (முளைகட்டிய பார்லி) பாகு ஒரு டப்பா, ஆங்கிலத்தில் எட்டுப் பக்கக் குறிப்பு.

சாமான்கள் மோசமில்லை. ஆனால் இதைச் செய்தவர் மனசில் இருந்தது 20 டிகிரி அறை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் மாதிரி எல்லை ஊர்கள் பக்கம் அப்படி ஓர் அறை மார்கழி விடியற்காலையில் கொஞ்ச நேரம் கிடைக்கலாம். மார்ச், ஏப்ரலில் பாலக்காடு 40-ஐத் தொடும். குறிப்பில் ‘இரண்டு வாரம்’ என்று எழுதியிருக்கும் எதையும் இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பெட்டியின் நல்லது கெட்டது இரண்டும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பியர் காய்ச்சிப் பார்த்து எழுதிய மதிப்புரை அல்ல இது. உரிமம் இல்லாமல் வீட்டில் மது காய்ச்சுவதற்கு எல்லையின் இரு பக்கமும் இடம் இல்லை. அந்தப் பக்கம் கேரளத்தில் கொல்லம் ஆண்டு 1077-இன் அப்காரி சட்டம், இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1937-இன் மதுவிலக்குச் சட்டம். விற்கிறவர்கள் இதைச் சிறிய எழுத்தில்கூடப் போடுவதில்லை என்பது முதல் குறை. அதனால் மால்ட் டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, அதே சாமான்களில் இஞ்சி பியர், அதாவது ஈஸ்ட் போட்டுப் பொங்கவைக்கும் இஞ்சி சர்பத், செய்தால் எப்படி இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். ஈஸ்ட் அதேதான். காஸ், நுரை, நாற்றம், பாட்டில் வெடிப்பது என்று தொல்லைகளும் அதேதான்.

ஒரு கணக்கை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெட்டியின் குறிப்பில் இது இல்லை. அளவில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி அது மதுபானம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது கரியமில வாயுவும் ஆல்கஹாலும் கிட்டத்தட்ட சம எடையில் வெளியே வருகின்றன. ஒன்று வேண்டும், இன்னொன்று வேண்டாம் என்று அதனிடம் சொல்ல முடியாது. லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை போல உண்டால் 0.5 சதவீதக் கோட்டுக்கு வந்துவிடும். அந்நேரம் மூடிய பாட்டிலுக்குள் சேர்ந்திருக்கும் வாயு, பானத்தின் கன அளவைப்போல ஏறக்குறைய 1.9 மடங்கு. கடை கோலாவில் இது 3 மடங்குக்கு மேலே. ஆக, வீட்டு ஈஸ்டை மட்டும் நம்பிச் செய்த இஞ்சி பியர் கோலா மாதிரி சுருசுருவென்று மூக்கில் ஏறினால் அது கோட்டைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வீட்டில் இதைத் தெரிந்துதான் ஆகவேண்டும். நாக்கில் மெல்லக் குத்துகிற அளவோடு நிறுத்தினால் சரி.

இதனால் வாளியின் வேலையே மாறிப்போகிறது. பியருக்கு வாளியில் நாள்கணக்கில் புளிக்கவிட்டு, வாயுவை ஏர்லாக் வழியே வெளியே அனுப்பிவிட்டு, பிறகுதான் பாட்டிலில் அடைப்பார்கள். இஞ்சி பியரை அப்படிச் செய்தால் வாயு போய்விடும், ஆல்கஹால் தங்கிவிடும். ஆகவே வாளி கலக்குவதற்கும் குழாய் வழியே பிடிப்பதற்கும் மட்டும். ஈஸ்ட் போட்ட அரைமணிக்குள் எல்லாம் பாட்டிலுக்குள் போயிருக்க வேண்டும்.

ஹைட்ரோமீட்டரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். மெல்லிய கண்ணாடித் தண்டு, அடியில் கனம், உள்ளே சுருட்டி வைத்த காகித அளவு. இனிப்பு கூடினால் உயர மிதக்கும், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இறங்கும். வெறும் தண்ணீருக்கு 1.000 என்றால், லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை போட்ட இஞ்சித் தண்ணீர் 1.031 காட்டும். 0.5 சதவீதம் என்பது அதிலிருந்து 1.027-க்கு இறங்குவது. 0.001-ஐ ஒரு புள்ளி என்று வைத்தால் வெறும் 4 புள்ளி. பெட்டியில் வரும் ஹைட்ரோமீட்டரில் கோடுகள் 2 புள்ளிக்கு ஒன்று. அதைவிட மோசம், அது 20 டிகிரிக்கு அளவிட்டது. தண்ணீர் சூடானால் விரிந்து அடர்த்தி குறையும். 30 டிகிரியில் அதே கரைசல் 2½ புள்ளி குறைவாகக் காட்டும். காலையில் 26 டிகிரியில் ஒரு தடவையும் மதியம் 34-இல் ஒரு தடவையும் பார்த்தால், ஒரு துளி சர்க்கரைகூடக் குறையாமலே 2 புள்ளிக்கு மேல் இறங்கியதுபோலத் தெரியும். பாதிக் கணக்கு அதிலேயே போய்விட்டது.

என்ன செய்யலாம்? வாங்கியதும் வெறும் தண்ணீரை ஃப்ரிட்ஜில் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்து மிதக்கவிடுங்கள். 1.000 காட்ட வேண்டும். உள்ளே காகிதம் நழுவியிருந்தால் 0.998, 1.003 என்று ஏதாவது காட்டும். அந்த வித்தியாசத்தை மூடியில் எழுதி ஒட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம், தூக்கிப் போட வேண்டியதில்லை. வாயு ஏறிய பானத்தை அளக்கும்போது குமிழ்கள் தண்டில் ஒட்டி அதை மேலே தூக்கும். காபி ஆற்றுவதுபோல இரண்டு டம்ளரில் பத்துப் பதினைந்து தடவை ஆற்றி நுரை அடங்கியபின் ஊற்றினால்தான் சரியான அளவு. தண்டைச் சுண்டிச் சுழற்றிவிட்டுப் படிக்கவும். குடுவை மட்டும் நல்ல பிளாஸ்டிக்கில் வருகிறது. கண்ணாடித் தண்டோ சிமெண்டுத் தரையில் ஒரு தடவை உருண்டால் முடிந்தது கதை.

இஞ்சி பியருக்கு இதைவிட உதவுவது, பெட்டியில் இல்லாத ஒன்று: பெட் பாட்டிலில் (கோலா, சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டில்) திருகும், அழுத்தமானி வைத்த மூடி. 30 டிகிரியோ அதற்கு மேலோ இருக்கும்போது முள் 20 பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அலகு) தாண்டியதும் எல்லாப் பாட்டிலையும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிட்டால் கோட்டுக்குள் நிற்கலாம். 25 பி.எஸ்.ஐ.-க்கு மேல் விடாதீர்கள். கார் டயருக்கு அடிக்கிற காற்று சுமார் 30 என்று நினைத்துப் பார்த்தால் பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்று புரியும்.

அந்த 6 கண்ணாடி பாட்டில்தான் பெட்டியிலேயே ஆபத்தான சாமான். பார்வைக்கு அழகு. ஆனால் நாலு மூலை வைத்த சதுர பாட்டில், அதுவும் எண்ணெயோ தேனோ ஊற்றிவைக்கிற கனம்தான். அழுத்தம் தாங்க வேண்டிய பாட்டில் உருண்டையாக இருக்க வேண்டும். மூலை இருந்தால் இழுவிசை எல்லாம் அங்கே போய்க் குவியும். லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரையில் ஈஸ்டுக்குத் தேவைப்படுவது 7 கிராம். மீதி 73 கிராமும் உள்ளேயே காத்திருக்கிறது. வெளியூர் போனபோது வெளியே மறந்து வைத்த பாட்டில் அத்தனையையும் வாயுவாக்கப் பார்க்கும். கண்ணாடி எந்த அறிகுறியும் காட்டாது. பெட் பாட்டிலாவது முதலில் கல்லுப்போல இறுகும், அப்புறம் அடி புடைத்து நிற்காமல் ஆடும்.

கோலி சோடா பாட்டில் கிடைத்தால் அதிலே அடைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1872-இல் லண்டனில் ஹிராம் காட் என்பவர் காப்புரிமை வாங்கிய அந்தப் பாட்டில் அழுத்தத்துக்கென்றே செய்தது, கண்ணாடியும் அதற்கேற்ற தடிமன். ஆனால் கோலியை மேலே தள்ளிப் பிடித்திருப்பது உள்ளே இருக்கிற வாயுதான். மிஷினில் வாயுவோடு நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்தால்தான் கோலி ரப்பரில் உட்காரும். வாயு இனிமேல்தான் பிறக்கப்போகிற பானத்துக்கு அது உதவாது. கடையில் வாங்கிய கோலா, சோடா பெட் பாட்டில்களே போதும், மூடியும் அதோடு வந்ததாக இருக்க வேண்டும். மினரல் வாட்டர் பாட்டில் வேண்டாம், அது அழுத்தத்துக்குச் செய்ததல்ல. பெட் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கிக் கோணிவிடும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

வாளி நல்ல வாளி. அடி தட்டையாக இருப்பதால் ஆடாது. குழாய் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் இருப்பதால் இஞ்சி மண்டி கீழே தங்கிவிடுகிறது. உள்ளும் புறமும் ஒவ்வொரு வாஷர். ஒழுகுகிறதே என்று ஸ்பானர் போட்டு முறுக்கினால் வாஷர் பிதுங்கி இன்னும் ஒழுகும். கையால் இறுக்கி, தண்ணீர் நிரப்பி ஓர் இரவு காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். குழாயைப் பிரித்துக் கழுவுவதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது. திருப்பும் உருளைக்குப் பின்னால் ஒரு கரண்டி பானம் எப்போதும் தங்கும். வாளி பளபளவென்றிருந்தும் ஒவ்வொரு தடவையும் பானம் புளித்துப்போவது அதனால்தான். தேங்காய் நார், கம்பிச் சுருள் இரண்டும் வாளிப்பக்கமே வரக் கூடாது. கீறல் விழுந்தால் பாக்டீரியா அங்கே குடியேறும், எந்தப் பொடியாலும் கிளப்ப முடியாது. பெட்டியில் வரும் பொடி ஆக்ஸிஜன் வகை. 50 டிகிரி வெந்நீரில் அழுக்கை எடுக்க அருமை. கிருமி நீக்கியாக அதையே நம்பாமல், கழுவி அலசியபின் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு முறை அலசிவிடவும்.

ஏர்லாக்குக்கு இஞ்சி பியரில் வேலை இல்லை. ஆனால் பெட்டி வாங்கியவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்: “மூடியில குமிழே வரலீங்களே, கெட்டுப்போச்சுங்களா?” பெரும்பாலும் கெட்டுப்போகவில்லை. மூடி விளிம்பிலோ ரப்பர் வளையத்திலோ வாயு கசிகிறது, அவ்வளவுதான். மூடியை லேசாக அழுத்திப் பாருங்கள். ஏர்லாக்கில் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி ஒரு நிமிஷம் அப்படியே நிற்க வேண்டும், உடனே இறங்கினால் கசிவு. பெட்டியில் இருப்பது மூன்று துண்டாகக் கழன்று வரும் வகை. கழுவச் சுலபம். ஆனால் பகல் சூட்டிலிருந்து ராத்திரி குளிரும்போது வாளிக்குள் இருக்கும் காற்று சுருங்கி, வாளி அந்தத் தண்ணீரையே இழுத்துக் குடித்துவிடும். எஸ் வளைவு வகையில் அந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றவும். உப்புத் தண்ணீரில் ஊறவிட்ட காந்தாரி மிளகாய்க்கு இந்த ஏர்லாக் போல வசதி வேறில்லை. காற்று நுழையாததால் மேலே வெள்ளை ஆடை படிவதில்லை.

இனி அளவுகள், 5 லிட்டருக்கு. தோல் சுத்தமாகக் கழுவிய பச்சை இஞ்சி 150 கிராம், துருவியது. சர்க்கரை 400 கிராம். எலுமிச்சை 4. ஈஸ்ட் அரை கிராம், அதாவது கால் ஸ்பூனில் பாதி. 2 லிட்டர் தண்ணீரில் இஞ்சியும் சர்க்கரையும் போட்டு 15 நிமிஷம் கொதிக்கவிட்டு மூடி ஆறவைக்கவும். மீதி 3 லிட்டரும் கொதித்து ஆறியதே வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்ட கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மருந்துக்கடை வாசனை வரும். கொதிக்கவிட்டால் குளோரின் போய்விடும். வெள்ளைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டவும். தூள் தப்பிப் போனால் ஒவ்வொரு துணுக்கும் ஒரு குமிழ்ப் பிறப்பிடம், மூடியைத் திறந்ததும் பாதி பாட்டில் சுவரில் இருக்கும். எலுமிச்சைச் சாறு ஆறியபின்.

ஈஸ்டை நேராகத் தூவ வேண்டாம். கைபொறுக்கும் சூட்டில், 35 டிகிரிபோல, அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு போட்டுக் கால் மணி வைக்கவும். நுரை கட்டினால் உயிரோடு இருக்கிறது. கட்டாவிட்டால் பொட்டலம் கூரியர் வண்டியிலேயே வெந்துவிட்டது. கோடையில் இது அபூர்வமல்ல, வாங்கும்போது ஒரு பொட்டலம் கூடுதலாகச் சொல்லிவையுங்கள். பொட்டலத்தில் 18 முதல் 24 டிகிரி என்று போட்டிருக்கும் ஈஸ்ட் 36-இலும் வேலை செய்யும், ஆனால் திணறி அழுகிய முட்டை வாசனை விடும். நார்வேயில் வோஸ் பகுதிப் பண்ணைகளில் தலைமுறையாகக் காப்பாற்றி வந்த குவெய்க் என்ற ஈஸ்ட் 35, 40 டிகிரியில்தான் குஷியாக இருக்கும். குளிர்நாட்டு ஈஸ்ட் நம் பங்குனிக்குப் பொருந்துவது வேடிக்கைதான். தனியாக வாங்குவதானால் அதையே வாங்கலாம். ரொட்டி ஈஸ்டும் இதே இனம்தான். வேலை நடக்கும், மண்டி லேசில் அடங்காது, ரொட்டி வாசனை நிற்கும்.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் இருந்துகொண்டு ஈஸ்டைக் காசு கொடுத்து வாங்குவானேன், கள்ளு மண்டி ஒரு கரண்டி ஊற்றினால் போதாதா என்று தோன்றும். போதாது என்பதல்ல, அதிகமாகிவிடும். கள்ளில் ஈஸ்டோடு, சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஸைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும், புளிப்பேற்றும் லாக்டிக் பாக்டீரியாக்களும் கூட்டமாக இருக்கின்றன. கள்ளுக்கு அது ருசி. வெள்ளைச் சர்க்கரைக் கரைசலில் அவற்றில் சில பசைநூல் நெய்யத் தொடங்கும். மறுநாள் ஊற்றினால் இஞ்சி பியர் வெண்டைக்காய் கொழகொழப்பில் வழியும். மரத்தில் கட்டும் முட்டியில் சுண்ணாம்பு தடவினால் தெளுவு (பதநீர்), தடவாவிட்டால் கள் என்று தெரிந்த ஊருக்கு, எந்தக் கிருமியை உள்ளே விடுகிறோம் என்பதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. கொழகொழப்பு வந்த தொகுதியைக் கொட்டிவிட்டு, குழாயையும் வாஷரையும் பிரித்து வெந்நீர் காட்டாமல் அடுத்ததைத் தொடங்கக் கூடாது.

பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி, பக்கத்தை அமுக்கி உள்காற்றை வெளியேற்றி மூடுங்கள். அமுங்கிய பாட்டில் நிமிர்ந்து பிறகு இறுகுவதே ஒரு கடிகாரம். ஆடிக்காற்று நாளில் 28 டிகிரிக்கு ஒரு நாள் எடுக்கலாம். சித்திரையில் காலையில் அடைத்தது மாலைக்குள் தயாராகிவிடும், ராத்திரி தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று விடாதீர்கள். அண்டாவில் தண்ணீர் நிரப்பி அதில் நிற்கவைத்தால் சூடு சீராக இருக்கும், ஒன்று வெடித்தாலும் தண்ணீர் தடுக்கும். நனைத்த தோர்த்துத் துண்டைப் பாட்டில்மேல் போர்த்தி நுனி தண்ணீரில் தொங்கவிட்டால், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் நாலைந்து டிகிரி இறங்கும். மழைக்காலத்தில் ஈரம் ஆவியாக இடமில்லை, துணி வெறுமனே ஊறிக் கிடக்கும்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் சாவதில்லை, தூங்குகிறது. நாலைந்து நாளில் குடித்து முடிக்கவும். குளிர்ந்த பானம் வாயுவை இரண்டு மடங்குக்கு மேல் பிடித்துவைக்கும். அதனால்தான் வெளியே இறுகிய பாட்டில் உள்ளே வைத்ததும் தளர்ந்ததுபோல இருக்கும். வாயு போய்விட்டது என்று திரும்ப வெளியே எடுத்து வைப்பதுதான் வழக்கமான தப்பு. புளிப்பு மூக்கில் அடித்தால் பழ ஈ காரணம், வினிகர் பாக்டீரியாவை அதன் கால்தான் கொண்டுவருகிறது. கலக்கும்போது வாளியைத் திறந்து போட்டுவிட்டுப் போன் பேசப் போகக் கூடாது. எறும்புக்கு வாளியைத் தண்ணீர்த் தட்டத்தில் நிறுத்துவதே போதும்.

முழுப் பெட்டி வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம். மால்ட் டப்பாதான் விலையில் பெரும்பங்கு, அதற்கு இங்கே பயன் இல்லை. சதுர பாட்டிலில் நல்லெண்ணெய் ஊற்றி வைக்கலாம். குழாய் வைத்த வாளி, ஏர்லாக், ஹைட்ரோமீட்டர் மூன்றையும் தனித்தனியாக விற்பவர்கள் இருக்கிறார்கள், அதில் 10 லிட்டர் வாளி கிடைத்தால் இன்னும் நல்லது. 25 லிட்டர் இஞ்சி பியரை வைக்க எந்த வீட்டு ஃப்ரிட்ஜிலும் தட்டு கிடையாது.

பாட்டில் அடியில் வெண்மையாகப் படியும் மண்டியைக் கொட்டாதீர்கள். வாசனை சுத்தமாக இருந்தால், கள் கிடைக்காத நாளில் இரண்டு ஸ்பூன் எடுத்து ஆப்ப மாவில் கலக்கலாம். விடியும்போது மாவு பொங்கியிருக்கும். இஞ்சி மணம் லேசாக வரும், தேங்காய்ப்பாலோடு அது ஒட்டிக்கொள்ளும்.